நட்ட கல்லும் நிமிர்ந்த செம்பும்

கஹவத்தையிலிருந்து தோட்டங்களை நோக்கிப் பிரியும் பாதையொன்றின் ஓரத்தில், இறப்பர் மரங்களுக்கிடையே, முதிய பலாமரத்தடியில் ஒரு கல் நட்டு வைக்கப்பட்டிருக்கின்றது. உளி படாத கல் அது. முகமில்லை; கையில்லை; காலில்லை. மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு, முன்புறத்தில் மட்டும் மூன்று நீற்றுக் கோடுகள் வரைந்திருப்பார்கள். பக்கத்தில் துருவேறிய சூலம் ஒன்று உண்டு. ஆண்டுக்கொருமுறை பொங்கலிட்டுச் சேவல் அறுப்பர். மற்ற நாள்களில், பால் வாளியோடு மலையிறங்கி வருவோர் அதன் முன்னே ஒரு கணம் நின்று செல்வர்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த முதலாண்டில், சித்திர வகுப்பிலே, தாம் கண்ட ஒரு சிற்பத்தை வரையுமாறு பிள்ளைகளிடம் கூறினேன். சிலர் பிள்ளையாரை வரைந்தார்கள். சிலர் புத்தபிரானை வரைந்தார்கள். ஒருவன் நடராசரை வரைய முயன்று கால்களை எண்ணித் தவறிவிட்டான். பின்வரிசைச் சிறுவன் ஒருவன் மட்டும் மேற்சொன்ன கல்லை வரைந்திருந்தான். மேல்நோக்கிய ஒரு வடிவம், அதன்மேல் குறுக்கே மூன்று கோடுகள், அவ்வளவே. நான் சிவப்பு மையால், 'இது சிற்பமன்று' என்று எழுதிப் புள்ளி வழங்காமல் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் வேறொரு காரியமாகப் பாடசாலைக்கு வந்த அவனுடைய தாத்தா, "அத வெறும் கல்லுன்னு சொல்லிட்டீங்களாமே, ஐயா. எங்க பாட்டன் நின்ன எடமுங்க அது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சிவப்பு மை தவறென்று எனக்குப் புரிவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. புரிய வைத்தவர் நான் நேரிற் காணாத ஒரு சிற்பி, பெயர் நந்தகோபால். சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில், கடலோரத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்து பணியாற்றியவர். 1946-ஆம் ஆண்டு பிறந்த அவர் 2017-ஆம் ஆண்டு மறைந்தார். செம்புத் தகட்டையும் பித்தளையையும் வெட்டி, தட்டி, ஒட்டவைத்து அவர் எழுப்பிய உருவங்களுட் பல மண்ணிலிருந்து மேல்நோக்கி ஒரே மூச்சில் எழுவன. அவற்றின் முன் நின்றபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை இரண்டு. ஒன்று, படங்களிற் கண்டிருந்த வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் குலச்சின்னக் கம்பம். மற்றொன்று, நம் கோயில்களின் கொடிமரம். எங்கோ ஒரு கடற்கரையில் நட்ட மரமும், நம் கோயில் முற்றத்தில் நிற்கும் மரமும் ஒரு சிற்பியின் பட்டறையில் எவ்வாறு சந்திக்கின்றன? நேயர்களே, இன்று இவ்வினாவை ஒட்டியே சில சொல்ல விரும்புகின்றேன்.

குலச்சின்னக் கம்பத்தை ஆங்கில வழக்கில் 'டோட்டெம்' கம்பம் என்பர். 'டோட்டெம்' என்னும் சொல் அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் வாழும் ஒஜிப்வே மக்களின் மொழியிலிருந்து வந்தது; குலத்தையும் குலச் சின்னத்தையும் குறிப்பது. வேடிக்கை என்னவெனில், கம்பம் நடும் வழக்கமுடையோர் அவர்களல்லர். அங்கிருந்து வெகுதொலைவில், பசிபிக் கடலின் வடமேற்குக் கரையில் வாழும் ஹைடா, கிளிங்கித், சிம்சியான், நிஸ்கா முதலிய மக்களே அக்கம்பங்களை நட்டவர்கள். வெளியார் ஒருவர் சொல்லை எடுத்து மற்றொருவர் பொருளுக்குச் சூட்டிவிட்டார்கள். நம்மைக் குறித்து வழங்கும் பெயர்களிலும் இத்தகையன சில உண்டல்லவா?

அக்கரையில் செந்தேவதாரு மரம் நெடிதாக, நேராக வளரும். அதனை வெட்டி, காகம், கழுகு, கரடி, திமிங்கிலம் ஆகிய உருவங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கி, குழி தோண்டி நடுவர். அவ்வுருவங்கள் வணங்குதற்குரிய தெய்வங்கள் என்று முதலிற் சென்ற பாதிரிமார் கருதியது பிழை. அவை ஒரு குடும்பம் எங்கிருந்து வந்தது, எவ்வுரிமை உடையது, யாரை இழந்தது என்பவற்றைக் காட்டுவன. எழுத்தில்லாத பட்டயம் எனலாம். சில கம்பங்கள் வீட்டு முகப்பில் நின்று வாயிலாகவும் அமைந்தன; சில வீட்டின் உத்தரத்தைத் தாங்கின; சில இறந்தோர் நினைவாக எழுந்தன. ஆகவே, கம்பமும் கட்டடமும் அம்மக்களிடையே வெவ்வேறு கலைகளாகப் பிரிந்திருக்கவில்லை.

இவற்றுள் ஒரு கம்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும். நிஸ்கா மக்கள் ஒரு வீரனின் நினைவாக நட்ட கம்பம் அது. உயரம் ஏறத்தாழ 11 மீற்றர். 1929-ஆம் ஆண்டு, ஊரார் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சென்றிருந்த வேளையில் அஃது அகற்றப்பட்டதென அம்மக்கள் கூறுவர். ஆராய்ச்சியாளர் ஒருவர் வழியாக அது ஸ்கொட்லாந்து நாட்டின் அரும்பொருட்சாலைக்குச் சென்று சேர்ந்தது. 94 ஆண்டுகள் கழித்து, 2023-இல், அம்மக்களின் வேண்டுகோளின்படி அது விமானத்தில் ஏற்றப்பட்டுச் சொந்தப் பள்ளத்தாக்கிற்குத் திரும்பியது. மரத்துண்டு ஒன்றைத் திரும்பப் பெற இத்துணைப் பாடா என்று கேட்போர், தாத்தா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நினைத்துப் பார்க்கலாம்.

வீரன் நினைவாக ஒன்றை நிமிர்த்தி நடுவது தமிழருக்குப் புதிதன்று. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவதன் படிகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகின்றது. கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதனைக் கொள்வது கால்கோள். நீராட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை. பிறகு நடுதல், படைத்தல், வாழ்த்தல். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்துக் காதைகள் இப்பெயர்களையே தாங்கி நிற்கின்றன. இவ்வரிசையில் ஒன்றை நோக்குக. செதுக்குதல் என்பது தனிப் படியாகச் சொல்லப்படவில்லை. கல்லைத் தெரிந்தெடுத்து நிமிர்த்துவதே தலையாய செயலாகக் கருதப்பட்டது போலும். பின்வந்த நூற்றாண்டுகளில் வீரன் உருவும் எழுத்தும் கல்லில் ஏறின. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு அவன் நாயும் நிற்கின்றது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்லெழுத்து கூறும். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நாயின் பெயரை நாம் அறிந்திருக்கின்றோம். காடழித்துத் தேயிலையும் இறப்பரும் நட்டு இம்மலைகளில் மாண்ட நம் முன்னோரில் எத்தனை பேரின் பெயரை அறிவோம் என்பதை நேயர்கள் எண்ணிக்கொள்ளட்டும்.

கல் மட்டுமன்று, மரமும் நடப்பட்டது. கந்து என்பது மன்றத்தில் நட்ட தூண். அந்திப் பொழுதில் மகளிர் அங்கே விளக்கேற்றியதையும், பலர் அதனைத் தொழுததையும், வழிச்செல்வோர் அங்கே தங்கியதையும் பட்டினப்பாலை காட்டுகின்றது. உருவம் எதுவும் செதுக்கப்படாத தூண் ஒன்றே தெய்வம் உறையும் இடமாயிற்று.

இனிக் கட்டடத்திற்கு வருவோம். நட்ட கல் உயரமாகத் தோன்றுவதற்குக் காரணம் அது தனித்து நிற்பது. மாபெரும் கோயில் விமானமோ தன் பருமனால் அகன்று தோன்ற வேண்டும். ஆயினும் தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் முன் நிற்பவன் தலை பின்னோக்கிச் சாய்கின்றது. சிற்பி அங்கே கையாண்ட உத்தி எளியது. ஒரே வடிவத்தைத் தளந்தோறும் திரும்ப அமைத்து, ஒவ்வொரு தளத்திலும் சற்றே குறுக்கிக்கொண்டு போகிறான். கண் ஒரு படியைக் கண்டதும் அடுத்ததைத் தேடி ஏறுகின்றது. கடைசிப் படி முடிந்த பின்னும் கண் நிற்பதில்லை. கலசத்தைக் கடந்து வானத்திற்குப் போய்விடுகின்றது.

கொடிமரம் இதனினும் நுட்பமானது. உள்ளே ஒரே நெடுமரம். வெளியே செம்பு அல்லது பித்தளைக் கவசம், துண்டு துண்டாகப் பூட்டப்பட்டிருக்கும். தாங்குவது மரம், காண்பது உலோகம். இவ்விரண்டையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னர்ச் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

நம் நாட்டிலும் நிமிர்ந்த தூணுக்குக் குறைவில்லை. அநுராதபுரத்து லோவமகாபாயவில் ஆயிரத்தறுநூறு கற்றூண்கள் வெறுமையாக நிற்கின்றன; மேலிருந்த மாளிகை போய்விட்டது. பொலன்னறுவையில் நிசங்க மல்லன் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுப்பித்த லதா மண்டபத்தில் தூண்கள் எட்டும் தாமரைத் தண்டு போல மூன்றிடத்தில் வளைந்து, நுனியில் மொட்டுடன் முடிகின்றன. கல்லுக்கு வளைவு கொடுத்தும் அது நிமிர்வதாகவே தோன்றச் செய்தவன் பெயர் தெரியாத சிற்பி. மாணவரை அழைத்துக்கொண்டு பொலன்னறுவைக்குச் செல்லும் ஆசிரியர்கள் கல்விகாரையிலேயே நேரமெல்லாம் செலவிட்டுவிட்டு இம்மண்டபத்தைத் தவறவிடுவது எனக்கு என்றுமே வருத்தம்.

மேனாட்டிலும் கிராமத்துத் தூணிலிருந்தே இக்கலை புதுமை பெற்றது. ருமேனிய நாட்டுச் சிற்பி பிரான்குசி, தம் ஊர்க் குடியானவர் வீட்டுத் திண்ணைத் தூண்களையும் கல்லறை மேல் நட்ட மரங்களையும் பார்த்து வளர்ந்தவர். 1938-இல், முதல் உலகப் போரில் மாண்டோர் நினைவாக, துர்குஜியு நகரில் அவர் நிறுத்திய முடிவிலாத் தூண் 29 மீற்றருக்கும் மேற்பட்ட உயரமுடையது. நடுவே ஓர் உருக்குத் தண்டு; அதில் மணி கோத்தாற்போல ஒரே அளவான இரும்பு வார்ப்புகள்; மேலே பித்தளைப் பூச்சு. கொடிமரத்தின் கட்டமைப்பை இங்கே காணாதிருக்க முடியுமா? கோயில் விமானத்தைப் போல அவர் அலகுகளைக் குறுக்கிக்கொண்டு போகவில்லை. எல்லாம் ஒரே அளவு. உச்சியில் அரை அலகோடு நிறுத்திவிட்டார். மீதி அரையைப் பார்ப்பவர் கண்ணே நிறைவு செய்துகொண்டு மேலும் ஏறுகின்றது. அவர் இந்தூர் மன்னரின் அழைப்பில் இந்தியாவுக்கும் வந்தவர். அங்கே கட்ட நினைத்த தியான மண்டபம் கட்டப்படாமலே போயிற்று. துர்குஜியுத் தூணும் அதனைச் சேர்ந்த ஏனைய சிற்பங்களும் 2024-ஆம் ஆண்டு உலக மரபுரிமைச் சின்னங்களாக ஏற்கப்பட்டன.

மற்றொருவரையும் குறிப்பிடாமற் செல்ல இயலாது. லூயிஸ் பூர்ஷுவா என்னும் பெண்மணி பாரிஸில் பிறந்து, மணமாகி, 1938-இல் நியூயோர்க் சென்றவர். போர்க்காலத்தில் தாயகத்தில் விட்டுவந்த உறவினரை எண்ணி ஏங்கிய அவர், குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில், சுற்றிலும் வானளாவிய மாளிகைகள் நிற்க, ஆளுயர மரக்கட்டைகளைச் செதுக்கி நிறுத்தத் தொடங்கினார். முகம் தெளிவாக இல்லாத ஒல்லியான கம்பங்கள். ஒவ்வொன்றும் தாம் பிரிந்த ஒருவருக்கு ஈடு. பீடம் எதுவுமின்றி, மனிதர் நிற்பதுபோலத் தரையிலேயே அவற்றை நிறுத்தினார். புலம்பெயர்ந்த ஒரு பெண் செய்த இச்செயலைப் படித்தபோது, இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கடல் கடந்து வந்தோர் குலதெய்வக் கோயிலின் பிடிமண்ணை முடிந்துகொண்டு வந்து, தோட்டத்து மரத்தடியில் இட்டு, அதன்மேல் ஒரு கல்லை நிமிர்த்தியது என் கண்முன் நின்றது. நியூயோர்க்கில் செய்யப்பட்டவை கலைக்கூடங்களுக்குச் சென்றன. கஹவத்தையில் நட்டது பலாமரத்தடியில் நிற்கின்றது.

நந்தகோபாலிடம் மீண்டு வருவோம். அவர் தந்தையார் கே.சி.எஸ். பணிக்கர் பெயர்பெற்ற ஓவியர். சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராக விளங்கியவர். 1966-இல் தம் மாணவரும் நண்பருமாகிய ஓவியர், சிற்பிகளுடன் சேர்ந்து சோழமண்டலத்தை நிறுவியவரும் அவரே. பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அவ்வருவாயில் வாழ்ந்துகொண்டு, யாருடைய தயவையும் நாடாமல் ஓவியமும் சிற்பமும் படைப்பது என்பது அக்குழுவினரின் ஏற்பாடு. இத்தகைய சூழலில் வளர்ந்த மகன் முதலிற் பயின்றது பௌதிகம். அதன் பின்னரே சிற்பம். உலோகம் எவ்வாறு சூடேறி இளகும், எப்பாரம் எத்திசையில் இழுக்கும் என்பவற்றை அறிந்த கை அவருடையது என்று நான் நினைப்பதுண்டு.

அக்காலத்துக் கலைக் கல்லூரிகளில் மேனாட்டு முறைப் பயிற்சியே மேலோங்கி நின்றது. சிற்பம் என்றால் சுற்றிவந்து நாற்புறமும் பார்க்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. சென்னைச் சிற்பிகள் சிலர் இதனை ஐயுற்றார்கள். கருவறையில் நிற்கும் மூர்த்தியை நாம் சுற்றிவந்தா பார்க்கின்றோம்? திரை விலகும், விளக்கொளி விழும், எதிரே நின்று காண்கின்றோம். நடுகல்லிலும் முன்முகமே செதுக்கப்படும். இக்கருத்தைக் கொண்டு, பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டில் முன்முகச் சிற்பங்களைச் செய்தார். தகட்டின்மேல் கம்பிகளை ஒட்டி அணிசெய்தது கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் கவசத்தை ஒத்திருந்தது. நந்தகோபால் அவ்வழியிலே மேலும் சென்றார். தகட்டை ஒரு முகமாக மட்டும் நிறுத்தாமல், அதனைத் துளைத்து, கிளைவிடச் செய்து, மேல்நோக்கி வளர்த்தார்.

அவருடைய ஆக்கங்களை எவ்வாறு பார்ப்பது? முதலில் நடுத்தண்டைத் தேடுக. பெரும்பாலும் நடுவே ஓர் அச்சு இருக்கும். சூலத்தின் காம்பு போல, கொடிமரத்தின் மரம் போல. அதிலிருந்து இருபுறமும் கொடிகளும் பறவைகளும் நாகங்களும் சக்கரங்களும் மனிதக் கைகளும் புறப்படும். குலச்சின்னக் கம்பத்தில் உருவங்கள் ஒன்றன் தோளில் ஒன்று அமர்ந்திருக்கும். கம்பத்தின் உருண்டையை விட்டு அவை வெளியே அதிகம் செல்லா. நந்தகோபாலிடம் அவை காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கிடையேயுள்ள வெற்றிடமும் வடிவத்தின் பகுதியாகும். அவ்விடைவெளி வழியாகப் பின்னாலுள்ள சுவரோ வானமோ தெரியும். கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் மாடத்துக்கு மாடம் நெருங்கி ஏறுவதும், கிராமத்துத் தேர் தட்டுத் தட்டாக உயர்வதும் இவற்றில் உண்டு. கருடனையும் அனுமனையும் கண்ணனையும் அவர் எடுத்துக்கொண்டபோதும், கதையை விரிக்காமல் அச்சின்மேல் அடுக்கினார் எனலாம். அடியிலிருந்து உச்சிவரை கண் ஏறும்போதே கதை நிகழ்ந்துவிடுகின்றது.

இத்தகைய வடிவத்திற்கு ஓர் இடர் உண்டு. உயரம் மிகுந்து அடி குறுகினால் விழும். தூக்குநூல் அடிப்பரப்புக்குள் விழவேண்டும் என்பது கொத்தனார் அறிந்த கணக்கு. கம்பம் நட்டவர் ஆழக் குழி தோண்டிச் சமாளித்தனர். விமானம் கட்டியவர் அடியை அகலமாக்கினர். கலைக்கூடத்தின் தளத்தில் நிற்கவேண்டிய சிற்பத்துக்கோ குழியுமில்லை, அகன்ற அடியும் அழகாயிராது. இருபக்கமும் நீளும் கிளைகளை ஒன்றுக்கொன்று ஈடாக நிறுத்தித் தராசுபோலச் சமன்செய்வதே அங்கு வழி. அவ்வாறு சமன்செய்தவை இரண்டு பக்கமும் ஒன்றே போலிருப்பதில்லை. வலப்புறத்துப் பெரிய சக்கரத்துக்கு இடப்புறத்தில் நீண்டு செல்லும் ஒரு மெல்லிய கொடி ஈடுகொடுக்கும். இதனைக் கண்ட பிறகே அவ்வுருவங்கள் அசையாமல் நின்றும் உயிருள்ளவை போலத் தோன்றுவதன் காரணம் எனக்கு ஓரளவு விளங்கிற்று.

எல்லாம் எனக்கு உவப்பானவை என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் அணிகலன் மிகுந்து, நிமிர்வு மறைந்துபோகின்றது. நகைக்கடை வேலைப்பாட்டின் பளபளப்பு சில இடங்களில் கண்ணை மேலே ஏறவிடாமற் பிடித்து நிறுத்துகின்றது. பிரான்குசியின் சிக்கனத்தை அறிந்தவருக்கு இது குறையாகவே படும். ஆயின், வெறும் தண்டைக் கண்டு மகிழ்வது நம்மவர் இயல்பன்று. நட்ட கல்லுக்கும் மஞ்சள் பூசி மாலை சாத்தியே பார்ப்போம். நந்தகோபால் அந்தப் பூச்சையும் மாலையையும் உலோகத்திலே சேர்த்துச் செய்துவிட்டார் என்று கொள்வதே முறை.

சோழமண்டலத்திலிருந்து திரும்பிய ஆண்டிலேயே, அந்தப் பழைய மாணவனைத் தற்செயலாகக் கொழும்பில் ஒரு கடையிற் சந்தித்தேன். நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது என்றேன். அவன் சிரித்துவிட்டு, "எனக்கு ஞாபகமே இல்லீங்க சேர்" என்றான். உண்மையாகவே மறந்துவிட்டானா, எனக்காக அப்படிச் சொன்னானா என்பது தெரியவில்லை.

இவ்வாண்டு உயர்வகுப்பு மாணவர் சிலர் அக்கல்லை அளந்து வரைந்துகொண்டு வந்தார்கள். பக்கத்திலுள்ள இறப்பர் மரங்களை வெட்டி மறுநடுகை செய்யப்போகிறார்கள் என்னும் பேச்சு அடிபடுவதால், அதற்கு முன்னர் வரைந்து வைக்க வேண்டுமென்று நான்தான் சொல்லியிருந்தேன். நிலத்துக்கு மேலே இரண்டரை அடி உயரம். அடியில் ஒன்றேகால் அடி அகலம். கிழக்கு நோக்கிச் சிறிது சாய்வு. கீழே எவ்வளவு புதைந்திருக்கிறது என்று அங்கு நின்ற முதியவர் ஒருவரைக் கேட்டார்களாம். "வெளிய தெரியிற அளவு உள்ளயும் இருக்கும், தம்பி. இல்லாட்டி இத்தன மழைக்கு நிக்குமா?" என்றாராம் அவர்.